கிரீடமும் கப்பலும்

6 ஜனவரி

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான் உயிருடன் இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. உன் இரத்த அழுத்தமும் மாப்பிள்ளையின் இருமலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எழுது.

ஒரு மரணச் செய்தி. நம் பழைய ஆட்டம் போய்விட்டது. சென்ற செவ்வாயன்று என் கணினி ஒரு முறை முனகிவிட்டுக் கறுத்துப்போயிற்று. கடைக்காரர் அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இத அருங்காட்சியகத்துக்குக் குடுத்துடலாம்மா" என்றார். "தனியாவா, என்னையும் சேர்த்தா?" என்று கேட்டேன். சட்டென்று புதுக் கணினி ஒன்றை எடுத்து வைத்தார். விவரமானவர். அந்தப் புதுக் கணினியில் நம் ஆட்டம் ஓடாதாம்.

பதினோரு ஆண்டுகள். நீ ஓர் ஆட்சி, நான் ஓர் ஆட்சி. மன்னன் இறந்த அன்றே கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி, ஒப்படைப்புக் கடிதத்தோடு உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்துவிட வேண்டும். முன்னவள் செய்ததைப் பின்னவள் திட்டலாம், ஆனால் அழிக்கக் கூடாது. இந்த இரண்டே சட்டங்களை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு மன்னர்களை நாம் அடக்கம் செய்திருக்கிறோம். நீ சீராட்டி வளர்த்த குதிரைக்காரன், நான்கு வருடங்களுக்கு முன் தன் குதிரையிலிருந்தே விழுந்து செத்தானே, அவன் கல்லறையும் இந்தக் கணினியோடு போயிற்று.

துக்கம் போதும். கடைக்காரர் இரண்டு புதிய வரலாற்று ஆட்டங்களைக் காட்டினார். ஒன்றின் பெட்டியில் கிரீடம், மற்றதில் கப்பல். கிரீடத்தில் நீ ஆள்வது ஒரு குடும்பத்தை. மன்னனின் சித்தப்பன், மருமகன், மந்திரி ஒவ்வொருவனுக்கும் பெயர், முகம், குணம், பகை எல்லாம் உண்டு. யாருக்கு யாரைக் கட்டிவைத்தாய், யாரை அவமதித்தாய் என்பதெல்லாம் மூன்று தலைமுறை கழித்துத் திரும்பி வரும். கப்பலில் நீ ஆள்வது ஒரு நாட்டை. கடற்கரை, வணிகம், வரி, படை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். மன்னன் பெயர் மூலையில் சிறிய எழுத்தில் கிடக்கும், படிக்காவிட்டாலும் குற்றமில்லை.

இருவரிடமும் ஒரே ஆட்டம் இருந்தால்தான் கோப்பு திறக்கும். ஒன்றைப் பழகவே பல மாதங்கள் ஆகுமாம்; நம் வயதில் இரண்டு பழகுவது பேராசை. ஆகவே ஒன்றுதான். என் மனம் கிரீடத்தின் பக்கம். உன் மனம் எந்தப் பக்கம் என்று எழுது. பிறகு நான் உன்னைத் திருத்துகிறேன். தொலைபேசியில் கூப்பிடாதே. என் காதுக்கு இப்போது கூப்பாடு மட்டுமே கேட்கிறது, விஷயம் கேட்பதில்லை.

அன்புடன்,
அக்கா


24 ஜனவரி

என் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வலி மாத்திரையை நீயாகக் கூட்டாதே. முப்பத்திரண்டு வருஷம் மருத்துவமனை மருந்தகத்தில் நின்றவள் சொல்கிறேன், கேள். எனக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. இவர் இருமினால் இப்போது ஜன்னல் கண்ணாடி மட்டும்தான் அதிர்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பழைய ஆட்டம் போனதற்கு நான் கொஞ்சம் அழுதேன் என்றால் சிரிப்பாய். அழுதேன். சிரித்துக்கொள்.

அக்கா, கப்பலையே எடுப்போம். ஏன் என்றால், முதலில் என் கண். சின்ன எழுத்தில் நூறு பெயர் படிக்க முடியவில்லை. அடுத்தது, எனக்குக் கடல் பிடிக்கும். அப்புறம், இந்தக் குடும்பச் சண்டையெல்லாம் நேரிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. நீ வரலாறு படித்தவள், நான் பவுடர் கலக்கியவள். எனக்கு நிறம்தான் புரியும். இன்னொன்று, கப்பல் பெட்டி பார்க்க அழகாக இருக்கும் போலிருக்கிறது.

யார் யாருக்குச் சித்தப்பன் என்று இந்த வயதில் யாரால் நினைவு வைத்துக்கொள்ள முடியும்? கப்பல் என்றால் வரைபடத்தைப் பார்த்தால் போதும், எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும். எனக்காக இந்த ஒரு தடவை விட்டுக்கொடேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் தங்கை


5 பிப்ரவரி

அன்புள்ள தங்கைக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் நன்றி தெரிவிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

கப்பலுக்கு ஐந்து காரணங்கள் எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன். உண்மையான காரணம் ஒன்று இருக்கிறவர்கள் ஐந்து சொல்ல மாட்டார்கள். என் மாணவிகள் கட்டுரையைத் தாமதமாகக் கொண்டுவரும்போது இப்படித்தான் வரிசையாக அடுக்குவார்கள். கடைசிக் காரணம் எப்போதும் மழை. உன்னுடையது பெட்டியின் அழகு.

கண் தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம், கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன். குடும்பச் சண்டை போதும் என்கிறாய். நாம் இருவரும் சேர்ந்து போட்ட சண்டைகள் அத்தனையும் சுவையானவை. நிறம்தான் புரியும் என்பது வெறும் பாசாங்கு. எண்ணூறு மருந்துகளை அலமாரி எண்ணோடு ஒப்பித்தவளுக்கு நூறு பெயர் என்ன பாரம்? உண்மையைச் சொல்லட்டுமா? நீ சோம்பேறியாகிவிட்டாய். ஓய்வு பெற்றபின் மூளையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாய். எடுத்து உதறு.

கப்பல் ஒரு குமாஸ்தாவின் ஆட்டம். மனிதர்கள் இல்லாத வரலாறு வெறும் வரிவசூல். நான் நாற்பது ஆண்டுகள் அதற்கு எதிராகத்தான் பாடம் நடத்தினேன். எழுபத்தாறாவது வயதில் கட்சி மாற முடியாது.

ஆகவே கிரீடத்தில் இரண்டு வாங்கிவிட்டேன். உன்னுடையது இத்துடன் வருகிறது. மாப்பிள்ளை முப்பது மாடி லிஃப்டை ஓட வைத்தவர், இதைக் கணினியில் ஏற்றிவிட மாட்டாரா? முதல் ஆட்சி உனக்கு. இதுதான் நான் விட்டுக்கொடுத்தது.

அன்புடன்,
அக்கா


2 மார்ச்

என் அக்காவுக்கு,

பெட்டி வந்தது. நீ ஜெயித்தாய், வழக்கம்போல. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாங்கள் இருவரும் நலம்.

கணினிக்கு மேலே சுவரில் பழுப்புத் தாள் ஒட்டி ராஜ குடும்பத்தின் வம்ச மரத்தை வரைந்துவிட்டேன். ஒவ்வொருவனுக்கும் மருந்துப் புட்டியில் ஒட்டுவது போல ஒரு சீட்டு. பெயர், வயது, யாருக்கு என்ன உறவு, எதற்குக் கோபித்துக்கொள்வான் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். இவர் பார்த்துவிட்டு, "எங்கப்பா படத்த மாட்ட இந்த வீட்ல ஆணி கிடைக்கல. எவனோ ராஜாவோட ஒண்ணுவிட்ட மச்சானுக்கு இவ்ளோ மரியாதையா?" என்றார். "உங்கப்பா கலகம் பண்ண மாட்டாரு. இவன் பண்ணுவான்" என்றேன்.

என் அரசி இருபத்தாறு வருஷம் ஆண்டாள். நல்லவள். கொஞ்சம் வாய் நீளம், உன்னைப்போல. அவள் படுக்கையில்தான் இறந்தாள், யாரும் விஷம் வைக்கவில்லை. கோப்பு உள்ளே இருக்கிறது. மகன் கோழை, அவனை நீ பார்த்துக்கொள்.

ஒரு ஆட்சிக்கு எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. இனிமேலும் தாமதமானால் திட்டாதே அக்கா. மெதுவாக ஆடினாலும் நானேதான் ஆடுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்பு முத்தங்களுடன்,
உன் தங்கை


19 மார்ச்

அன்புள்ள தங்கைக்கு,

ஒரே கடிதத்தில் முழங்காலை இரண்டு முறை விசாரித்திருக்கிறாய். ஆளுக்கொன்றாக இரு முழங்கால்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டும் நலம் என்று சொல்லச் சொன்னார்கள்.

நன்றாகவே ஆண்டிருக்கிறாய். இதை நான் சுலபமாக எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வி. அரசியின் சித்தப்பனுக்கு வடக்குக் கோட்டையைக் கொடுத்தாய். சரி, கிழவன் விசுவாசமானவன். இரண்டே வருடத்தில் அதே சித்தப்பனுக்குத் தெற்குக் கோட்டையையும் கொடுத்தாயே, அது எதற்கு? தெற்குக் கோட்டை தம்பிக்கு என்று அரசியே வாக்குக் கொடுத்திருந்தாள். வெறுங்கையோடு நின்ற தம்பி என் ஆட்சியின் முதல் ஆண்டிலேயே கலகம் செய்தான். கோழை மகனை வைத்துக்கொண்டு அதை அடக்க எனக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன. கொடுத்ததை மறந்துபோய் மறுபடி கொடுத்தாயா, அல்லது எனக்கு வேலை வைக்கத்தானா? இரண்டாவது என்றால் பாராட்டுகிறேன்.

என் ஆள் பதினான்கு ஆண்டுகளில் போய்விட்டான். அடுத்து ஒரு பெண், பதினேழு வயது, புத்திசாலி, யாரையும் நம்பாதவள். உனக்குப் பிடிக்கும். அவளுக்கு மூன்று இடத்திலிருந்து வரன் வந்திருக்கிறது, மூன்றும் உதவாக்கரை. நீ யாரைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று பார்க்க ஆவலாயிருக்கிறேன். இவ்வளவு ஆவல் எனக்கு நெடுநாளாக எதிலும் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பு.

அன்புடன்,
அக்கா


11 மே

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வீட்டில் வேலை.

ஆட்சி நன்றாகப் போயிற்று. குதிரைக்காரன் ஆற்றைத் தாண்டிவிட்டான். எல்லையில் இரண்டாயிரம் பேரோடு நிற்கிறான். மழைக்கு முன்னால் கோட்டையைப் பிடித்துவிடுவான் என்று நினைக்கிறேன். அவனை நம்பலாம். நீ பயப்படாதே.

கோப்பு உள்ளே இருக்கிறது. இனி உன் முறை.

உன் தங்கை


16 மே

தங்கைக்கு,

நலம். மற்ற விசாரிப்புகளைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எட்டு வாரம் காத்திருந்து உன் கோப்பைத் திறந்தேன். திரையில் முதல் ஆண்டு. உன் வாய் நீண்ட அரசிக்கு இப்போதுதான் முடிசூட்டியிருக்கிறார்கள். நான் ஆண்ட பதினான்கு ஆண்டுகளும் இல்லை, கலகமும் இல்லை, அந்தப் பதினேழு வயதுப் பெண் பிறக்கவே இல்லை. நீ ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கி, ஆட்டக் கணக்கில் இரண்டே மாதம் ஆடி, அதை எனக்கு அனுப்பியிருக்கிறாய். கடிதத்தில் குதிரைக்காரன் எல்லையில் நிற்கிறான் என்கிறாய். அவன் பழைய ஆட்டத்துக்காரன். செத்து நான்கு வருடம் ஆகிறது. நீதான் எனக்கு இரங்கல் கடிதம் எழுதினாய்.

வேடிக்கை என்றால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் கிடைக்காத கோபத்தைப் பன்னிரண்டு வயதில் காட்டுவது போலக் காட்டுகிறாய் என்று நினைக்கிறேன். முன்னவள் ஆட்சியை அழிக்கக் கூடாது என்பது நாம் சேர்ந்து போட்ட சட்டம். பதினோரு வருடத்தில் நீ அதை ஒரு முறைகூட மீறவில்லை.

என்னோடு விளையாட விருப்பமில்லை என்றால், "விருப்பமில்லை" என்று ஒரு வரி எழுதக் கை வலிக்குமா? உன் முறையை நீ ஆடப்போகிறாயா இல்லையா? பதில் வரும்வரை கணினியைத் திறப்பதாக இல்லை.

மாப்பிள்ளையின் இருமல் எப்படி இருக்கிறது?

அக்கா


20 ஜூலை

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். எனக்கு இருமல் நின்றுவிட்டது. உங்கள் உடல்நலத்தை அறிய விரும்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. லிஃப்ட் பழுது அறிக்கை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஆகையால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பரில் மருத்துவர் உங்கள் தங்கையின் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் நினைவுப் பகுதி சுருங்குகிறது என்றார். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது என்றார். உங்களுக்கு எழுதலாம் என்றேன். "அக்காவுக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா எனக்கு விட்டுக்குடுத்து ஆடுவா. அவ என்ன திட்டி ஆடுற வரைக்கும்தான் நான் நானா இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது மூன்று பதில் எழுதினாள். ஒன்றில் உண்மை இருந்தது. அதைக் கிழித்தாள். "கப்பல்னா பேரே வேணாம். நெறத்தப் பாத்தே ஒரு வருஷம் ஓட்டிடுவேன்" என்றாள். பிறகு உங்கள் பெட்டி வந்தது. பழுப்புத் தாள் எங்கே என்று கேட்டாள்.

முதல் ஆட்சியை அவளேதான் ஆடினாள். நான் கை வைக்கவில்லை. காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பாள். இரண்டாவது ஆட்சிக்குள் அந்தத் தாளே அவளுக்குப் புரியாமல் போயிற்று. "இவங்கள்லாம் யாருங்க? நம்ம சொந்தமா?" என்று கேட்டாள். உங்கள் கோப்பைத் திறப்பதாக நினைத்துப் புதிதாகத் தொடங்கியிருக்கிறாள். எனக்கும் அது தெரியாமல் போய்விட்டது. உறையில் போட்டு அனுப்பியது நான்தான்.

உங்கள் மே மாதக் கடிதத்தை அவள் படித்தாள். அன்று அவளுக்குத் தெளிவான நாள். பத்து நாள் பதில் எழுத உட்கார்ந்தாள். இழுப்பறையில் பதினேழு தாள் இருக்கிறது. எல்லாவற்றிலும் "என் அக்காவுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை.

அவள் சொன்னதை மீறி இதை எழுதுகிறேன். தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவர்


26 ஜூலை

மாப்பிள்ளைக்கு,

உங்கள் இருமல் நின்றது பற்றி மகிழ்ச்சி. என் உடல்நலம் பற்றி எழுத எதுவுமில்லை.

நாற்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். ஓர் ஆவணத்தில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டது முக்கியம் என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்வேன். அவள் ஐந்து காரணங்கள் எழுதினாள். நான் அவற்றை எண்ணினேன். எண்ணியதைக் கேலியாக எழுதியும் அனுப்பினேன். "எனக்காக இந்த ஒரு தடவை" என்று அவள் எழுதிய வரி ஆறாவதாக இருந்திருக்கிறது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த நல்ல மாதங்களை ஒரு ராஜாவின் மச்சான்களை மனப்பாடம் செய்ய வைத்தேன்.

கப்பலில் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று இத்துடன் வருகிறது. இதை அவளிடம் கொடுத்து, உள்ளே இருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். கிரீடம் எனக்குச் சலித்துவிட்டது, அது உளறல் ஆட்டம், மே மாதம் கோபித்துக்கொண்டது முழங்கால் வலியால், ஆகவே நீ சொன்னபடி கப்பலுக்கு மாறுவோம் என்று எழுதியிருக்கிறேன். முழுப் பொய். அழகாக வந்திருக்கிறது.

புறப்பட்டு வந்துவிடத்தான் தோன்றுகிறது. ஆனால் என்னை வாசலில் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவள் அறிந்துகொள்வாள். அவள் மறைக்க விரும்பும்வரை நான் அறியாதவளாகவே இருக்கிறேன். அவளுக்கு இனி என்னால் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான்.

அந்தப் பதினேழு தாள்களை எறிந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அவள் அக்கா


14 செப்டம்பர்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கப்பல் வந்த அன்று உங்கள் சீட்டைப் படித்துவிட்டு அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா, மகாராணிக்கே சலிச்சுப் போச்சாம். நான் அப்பவே சொன்னேன்ல" என்று வீடு முழுக்க நடந்தாள். எழுத்து எல்லாவற்றையும் மறைத்து வைத்துவிட்டு ஒரு கப்பலை மட்டும் கரையோரமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். மூன்று நாள் ஓட்டினாள். அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் இந்த வருஷம் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மௌஸை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஆடவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் அவளை விடவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கணினி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "என் முறைங்க. அக்கா காத்துட்டு இருப்பா. கோவிச்சுக்குவா" என்கிறாள். எந்த ஆட்டம், என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. தன் முறை என்பது மட்டும் தெரிகிறது. கையைப் பிசைந்துகொண்டே அழுகிறாள். நான் ஆடி அனுப்பிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "என் முறைய நீங்க எப்படி ஆடலாம்?" என்று கோபப்பட்டாள். கணினியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். வெறும் மேசை முன்னால் உட்கார்ந்து அழுதாள். சாப்பாடு இறங்கவில்லை.

தலை வாரிக்கொள்ளச் சொன்னாலும் கேட்பதில்லை. என் சொல் எதுவும் ஏறுவதில்லை. ஆட்டம் முடிந்தது என்று அச்சடித்துக் காட்டினாலும் நம்புவதில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறாள். ஏதாவது செய்யுங்கள் அண்ணி.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவர்


20 செப்டம்பர்

என் தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன். என் முழங்கால் நலமாக இருக்கிறது.

ஆட்டம் முடிந்துவிட்டது.

நீ ஆட வேண்டிய முறைகள் எல்லாவற்றையும் ஆடிவிட்டாய். ஒன்றும் பாக்கி இல்லை. கோப்பு எனக்கு வந்து சேர்ந்தது. நாடு பத்திரமாக இருக்கிறது. எல்லையில் பகைவர் யாரும் இல்லை. குதிரைக்காரன் கோட்டையைப் பிடித்துவிட்டு வீடு திரும்பினான்.

நீ ஜெயித்தாய். நான் தோற்றேன். எந்த ஆட்டம் நல்லது என்று நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தவறு. இதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். யார் கேட்டாலும் காட்டு.

நான் காத்திருக்கவில்லை. எனக்குக் கோபம் இல்லை. இனி உன் முறை வராது. காலையில் எழுந்ததும் நீ எங்கும் போய் உட்கார வேண்டாம். நன்றாகத் தூங்கு. சாப்பிடு.

நீ மிக நன்றாக ஆடினாய்.

அக்கா


9 அக்டோபர்

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. அவள் வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துத் தானே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பெரிய மூச்சு ஒன்று விட்டாள். அன்று மதியம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் மேசைப் பக்கம் போகவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு நாளும் போகவில்லை, ஒரு நாளும் அழவில்லை. நான் கேட்டதை நீங்கள் செய்துவிட்டீர்கள். கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. அந்த முறை என்கிற ஒன்றைத்தான் அவள் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அதை விட்டதும் கூடவே வேறொன்றும் நழுவிவிட்டது. மறைத்து எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இந்த வீட்டில் ஏற்கனவே போதுமான அளவு மறைத்தாயிற்று.

நான்கு நாட்களுக்கு முன் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "யார் எழுதியிருக்காங்க?" என்று கேட்டேன். "யாரோ ஒரு அம்மா. ஆட்டத்துல தோத்துட்டாங்களாம். கையெழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்றாள். "அக்கான்னு போட்டிருக்கே" என்றேன். "ஆமா, யாருக்கோ அக்கா. பாவம், அவங்க தங்கச்சிக்குப் போக வேண்டியது இங்க வந்துடுச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பதில் போடணும். இல்லேன்னா அவங்க காத்துட்டு இருப்பாங்க" என்று சொல்லித் தாள் கேட்டாள்.

நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே எழுதினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இப்போது இங்கே வந்தால் அவளுக்குச் சங்கடம் எதுவும் இருக்காது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவர்


மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம். தாங்கள் நலமா?

தங்கள் கடிதம் முகவரி மாறி எங்களுக்கு வந்துவிட்டது. பிரித்துப் படித்ததற்கு மன்னிக்கவும். தாங்கள் தோற்றதாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள். தங்கள் தங்கை மிகவும் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் கிடைத்ததும் அவர்களிடமே சேர்த்துவிடுகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,